மூன்று துண்டு ரப்பர்

பிடுங்கிய பற்களைப் போட்டு வைக்கும் எஃகுத் தட்டில்தான் பல் டாக்டர் அந்த மூன்று துண்டுகளையும் வைத்திருந்தார். கறுப்பு ரப்பர். ஒவ்வொன்றும் இரண்டு விரல் நீளம். வெட்டு விழுந்த ஓரங்கள் வெண்ணெயில் கத்தி போனதுபோல் நேராக இருந்தன.

சர்வேயர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தட்டின் மேல் குனிந்தார். அவருக்குப் பின்னால் நின்ற ஆப்பரேட்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பிரேதப் பரிசோதனைக்கு வெளிய எங்கயும் போக வேண்டாம் சார். கத்தி, விளக்கு, சாயற நாற்காலி எல்லாம் இங்கயே இருக்கு."

டாக்டர் சிரிக்கவில்லை. முகத்தை மறைத்த துணிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. அவையும் சிரிக்கவில்லை.

சர்வேயர் என்பது பெயரல்ல, பழைய வேலை. இருபத்திரண்டு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய கார்களைச் சுற்றிச் சுற்றி வந்து, இது விபத்தல்ல என்று எழுதிக் கொடுத்தவர். ஓய்வுக்குப் பிறகு துப்பறியும் அலுவலகம் திறந்தார். பலகையில் சொந்தப் பெயரை எழுதியும் வைத்தார். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஆப்பரேட்டரும் அப்படித்தான்: உதவிக்குச் சேர்ந்த இந்தப் பெண்மணி, பெரிய தொழிற்சாலை ஒன்றின் டெலிபோன் சுவிட்ச்போர்டில் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தவர். அந்தப் பதினோரு வருடமும் வாயை மூடிக்கொண்டு இருந்ததற்கெல்லாம் சேர்த்து இப்போது பேசிக்கொண்டிருந்தார்.

டாக்டர் விஷயத்தைச் சொன்னார். கார் அவருடைய அப்பா வாங்கியது. வயது முப்பத்தொன்று. கதவுகளைச் சுற்றியும் கண்ணாடிகளைச் சுற்றியும் ஓடும் ரப்பர் காய்ந்து, வெடித்து, தொட்டால் தூளாக உதிர ஆரம்பித்திருந்தது. ஓடும்போது காற்று உள்ளே புகுந்து விசிலடிக்கும். மழை வந்தால் தோள் நனையும். இரண்டு மாதத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் புதிதாக மாற்றினார். அதன் பிறகு கதவைச் சாத்தினால் தெருவையே சாத்தியதுபோல் இருந்தது.

பன்னிரண்டாம் நாள் டிரைவர் பக்கத்துக் கண்ணாடியின் மேல் மூலையில் ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. காரின் தரையில் கிடந்தது. ரப்பர்க்காரர் பார்த்துவிட்டு எலி என்றார், புது ரப்பர் வைத்துக் கொடுத்தார். ஒரு வாரத்தில் அதே இடம், அதே அளவு. இந்த முறை பெரிய எலி என்றார். போன வியாழக்கிழமை மூன்றாவது தடவையாக நடந்தபோது அவர் எலியைப் பற்றிப் பேசவேயில்லை.

இரவில் கார் பூட்டிய கொட்டகையில் நிற்கும். பகலில் ஆஸ்பத்திரியின் பின்முற்றத்தில், இல்லாவிட்டால் கோர்ட் வாசலில். டாக்டரின் கணவர் வக்கீல். காலையில் இருவரும் ஒன்றாகக் கிளம்புவார்கள், மற்ற நேரத்தில் யாருக்குத் தேவையோ அவருக்குக் கார். சாவி மூன்று பேரிடம் இருக்கிறது: டாக்டர், வக்கீல், டிரைவர். கண்ணாடியை யாரும் உடைக்கவில்லை, ரேடியோ பத்திரமாக இருக்கிறது, பெயிண்டில் ஒரு கீறல்கூட இல்லை.

யார் மேலாவது சந்தேகம் உண்டா என்று சர்வேயர் கேட்டார். டாக்டர் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். சந்தேகம் என்று சொல்ல முடியாது என்றார். டிரைவர் அப்பா காலத்து மனிதர், பத்தொன்பது வருடமாக அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறார். அந்தக் காரைத் தன் உடம்புபோல் பார்த்துக்கொள்பவர். தன் காரைத் தானே வெட்ட டாக்டருக்கும் பைத்தியமில்லை. மிச்சம் யார் என்று அவர் சொல்லவில்லை, ஆனால் அந்த மிச்சம்தான் என்று எழுத்தில் வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

"எழுதிக் குடுத்தா என்ன பண்ணுவீங்க டாக்டர்?"

"அவர்கிட்ட கேப்பேன்."

"இப்பவே கேக்கலாமே."

டாக்டர் குழாயைத் திறந்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கைகளை மறுபடி கழுவினார்.

வெளியே வந்ததும் ஆப்பரேட்டர் ஆரம்பித்தார். ரப்பர் போனால் ரப்பர்க்காரரைக் கூப்பிடலாம், எலி என்றால் பூனை வளர்க்கலாம், இதற்குப் போய்த் துப்பறிகிறவரைக் கூப்பிடுவார்களா என்று கேட்டார். சர்வேயர் பின்முற்றத்தைப் பார்த்து நடந்தபடியே, ரப்பரைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் கூப்பிட மாட்டார்கள் என்றார்.

சாம்பல் நீலக் கார் மரநிழலில் நின்றது. முப்பத்தொரு வயது என்று சொன்னால் அதற்கே கோபம் வரும்போல அவ்வளவு பளபளப்பு. டிரைவர் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கும் ஒல்லியான மனிதர். மடிப்புக் கலையாத சட்டை. பேசும் வார்த்தைகளைச் சாயங்காலம் யாரிடமோ திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதுபோல் அளந்து பேசினார். வெட்டு விழுந்ததை முதலில் பார்த்தது யார் என்று கேட்டதற்கு, தான்தான் என்றார். என்ன நினைத்தீர்கள் என்றதற்கு, வருத்தமாக இருந்தது என்றார். அவ்வளவுதான்.

சர்வேயர் சட்டைப்பையிலிருந்து தன் விசிட்டிங் கார்டை எடுத்தார். கதவைத் திறந்து கார்டை ரப்பருக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்துச் சாத்தினார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தபோது கார்டு கிழிந்தது. ரப்பர் நன்றாகப் பிடிக்கிறது என்று அர்த்தம்.

"உங்க கார்டு இன்னிக்குத்தான் சார் மொத தடவையா உபயோகப்பட்டிருக்கு."

நாலு கதவையும் சுற்றி அங்குலம் அங்குலமாக ஆறு கார்டுகள் செலவாயின. எல்லா இடத்திலும் ரப்பர் உடும்புபோல் பிடித்தது. கடைசியாக டிக்கியைத் திறந்து அதன் விளிம்பில் ஒரு கார்டை வைத்துச் சாத்தினார். இழுக்கவே வேண்டியிருக்கவில்லை, அது தானாகவே நழுவி விழுந்தது. டிக்கியின் ரப்பர் பழையது, நெடுக வெடித்திருந்தது. உள்ளே விரிப்பு ஈரமாக இருந்தது, பூஞ்சை நாற்றம் அடித்தது. சர்வேயர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு மூடினார்.

பிறகு டிரைவர் பக்கத்துக் கண்ணாடிக்கு வந்தார். துண்டு போன இடம் மேலே, பின் மூலையில். சீட்டில் உட்கார்ந்தால் சரியாகக் காதுக்குப் பக்கத்தில் வரும். வெட்டிய இரண்டு முனைகளும் மின்னின. விரலால் தடவிப் பார்த்தார். யாரோ பசை தொட்டு, நுனி விரலால் மெழுகி வைத்திருந்தார்கள். ரப்பர் போனதில் வெளியே தெரிந்த தகட்டில் மெல்லிசாக கிரீஸ் பூசியிருந்தது. கதவுப் பையில் மஞ்சள் துணி ஒன்று நான்காக மடித்து, தயாராக இருந்தது. மழைத் தண்ணீர் சொட்டினால் துடைப்பதற்கு.

ஆப்பரேட்டர் எட்டிப் பார்த்தார்.

"வெட்டிட்டு, வெட்டின காயத்துக்கு மருந்தும் போட்டிருக்கான். துரு பிடிக்கக் கூடாதுன்னு எண்ணெய் தடவியிருக்கான். இவ்வளவு பொறுப்பான வில்லனை நான் பார்த்ததேயில்ல சார். இவனுக்கு வேலை போட்டுக் குடுத்தா நம்ம ஆபீஸ் ஜன்னலைக்கூடச் சரி பண்ணிடுவான்."

டிரைவர் முன்சக்கரத்தில் இல்லாத ஒரு கறையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வக்கீலைப் பார்க்க அந்தக் காரிலேயே கோர்ட்டுக்குப் போனார்கள். சர்வேயர் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார், ஆப்பரேட்டர் பின்னால். தெரு முனைவரை கார் சத்தமில்லாமல் போயிற்று. பெரிய சாலையில் ஏறி முள் நாற்பதைத் தாண்டியதும் அந்த இரண்டு விரல் இடைவெளியில் காற்று புகுந்து நீளமாக விசிலடிக்க ஆரம்பித்தது. அரசாங்க ஆலைச் சங்குபோல் ஒரே சுருதி. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் ஆப்பரேட்டரின் உதடு அசைவது தெரிந்தது, என்ன சொல்கிறார் என்று சர்வேயருக்கே பிடிபடவில்லை. டிரைவர் நேராக ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

சிக்னலில் கார் நின்றது. விசில் நின்றது. ஆப்பரேட்டர் அதே குரலில் மறுபடி சொன்னார்.

"பின்சக்கரம் கழண்டு ஓடுதுண்ணே."

டிரைவர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். அப்புறம்தான் அவருக்கு விளையாட்டு என்று புரிந்தது. மூன்று முறை சொன்னதாகவும், இரண்டு முறை அவர் அசையவேயில்லை என்றும் ஆப்பரேட்டர் பிறகு சர்வேயரிடம் சொன்னார்.

சர்வேயர் இந்தச் சத்தம் தொந்தரவாக இல்லையா என்று டிரைவரிடம் கேட்டார்.

"பழகினது சார். பழகினது போனாத்தான் தொந்தரவு."

அன்று காலையில் அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

வக்கீல் கோர்ட் தாழ்வாரத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கினார். சிவப்பு நாடா கட்டிய கட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். ரப்பர் மாற்றியது தனக்கு முதலில் தெரியாது என்றார். ஒருநாள் கார் திடீரென்று அமைதியானபோதுதான் உறைத்ததாம். அதிலிருந்து நூலகத்துக்குள் உட்கார்ந்து போவதுபோல் இருந்தது, இருமக்கூட யோசனையாக இருந்தது என்றார். விசில் திரும்பி வந்ததில் வருத்தமா என்று சர்வேயர் கேட்டார். உண்மையைச் சொன்னால் இல்லை என்றார் வக்கீல். ஆப்பரேட்டர் சர்வேயரை அர்த்தத்தோடு பார்த்தார்.

சர்வேயர் தட்டிலிருந்து எடுத்து வந்த ரப்பர் துண்டு ஒன்றை நீட்டி, இது காரில் எந்த இடத்தது என்று சொல்ல முடியுமா என்றார். வக்கீல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் வைப்பரா என்று கேட்டார். சர்வேயர் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பும்போது, வக்கீல் ஓர் அடி கூடவே வந்து, குரலைத் தணித்துக்கொண்டு, தன் மனைவி வேறு ஏதாவது சொன்னாளா என்று விசாரித்தார். ஒன்றும் சொல்லவில்லை என்றதும் அவர் முகத்தில் நிம்மதியும் ஏமாற்றமும் ஒன்றையொன்று முந்தப் பார்த்தன.

"இவர் இல்ல சார்," என்றார் ஆப்பரேட்டர் படியில் இறங்கும்போது. "ரப்பரை வெட்டுன்னு கத்தியைக் கையில குடுத்தாக்கூட வாய்தா வாங்குவார்."

ரப்பர்க்காரரின் கடை இரண்டு தெரு தள்ளி. உத்தரத்திலிருந்து விதவிதமான ரப்பர் சுருள்கள் கறுப்புப் பாம்புகளாகத் தொங்கின. ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர், பக்கத்தில் பழைய ரப்பர் குப்பை. அவர் ஒரு வேனின் கதவில் புது ரப்பரை ஈரமாக்கிக் கட்டை விரலால் அழுத்தி அழுத்தி உட்கார வைத்துக்கொண்டிருந்தார். டாக்டரின் கார் என்றதும் முகம் சுருங்கியது. மூன்று முறை ஒரே மூலையில் வேலை செய்தால் யாருக்குத்தான் சுருங்காது. அந்த மாடலுக்கு இப்போது ரப்பர் வருவதில்லை என்றும், சுருளிலிருந்து அளந்து வெட்டி, மூலைக்கு மூலை கையால் வளைத்து உட்கார வைத்ததாகவும் சொன்னார்.

முனையில் பசை வைத்திருந்ததைச் சர்வேயர் சொன்னார். ரப்பர்க்காரர் தலையாட்டினார். வெட்டிய முனையை அப்படியே விட்டால் ரப்பர் கிழிந்துகொண்டே போகும், பசை தொட்டு வைக்க வேண்டும். அது தொழில் தெரிந்தவர்களுக்கும், தொழிலைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கும்தான் தெரியும். இங்கே யார் நின்று பார்த்தார்கள் என்று கேட்டதற்கு, டிரைவர் அண்ணன் மூன்று நாளும் இதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார் என்றார்.

ஆப்பரேட்டர் வாயைத் திறந்தார். சர்வேயர் கையைக் காட்டி நிறுத்தினார். அவருக்கு டிரைவரைவிட டிக்கிதான் உறுத்திக்கொண்டிருந்தது. அதன் ரப்பரை ஏன் மாற்றவில்லை என்று கேட்டார்.

"அதைத்தான் மொதல்ல மாத்தணும்னு தலையால அடிச்சுக்கிட்டேன் சார். தண்ணி அது வழியாத்தான் ரொம்ப வருது. அம்மா கேக்கல. கதவும் கண்ணாடியும் போதும்னுட்டாங்க."

"வேலை முடிஞ்சதும் பார்த்துட்டு என்ன சொன்னாங்க? தண்ணி அடிச்சுப் பார்த்தாங்களா?"

"தண்ணியா? இல்ல. என்னை ஓட்டச் சொல்லிட்டு அவங்க பின்னால உக்காந்தாங்க. நல்ல வேகமாப் போகச் சொன்னாங்க. போன்ல பேசற மாதிரி மெதுவா என்னமோ முணுமுணுத்தாங்க. அப்புறம், நான் இப்ப என்ன சொன்னேன்னு கேட்டாங்க. சாயங்காலம் மழை வரும்னு சொன்னீங்கன்னேன். அப்படியே முகம் மலர்ந்துபோச்சு. இவ்வளவு ரசிச்சு வேலையைப் பார்க்கற கஸ்டமரை நான் கண்டதில்ல."

சர்வேயர் கிழியாத ஒரே கார்டை ரப்பர்க்காரரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். ஆப்பரேட்டர் ஒரு தெரு தூரம் பேசாமல் நடந்தார். அது நடக்காத காரியமாகையால் சர்வேயர் நின்று, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

"சுவிட்ச்போர்டுல உக்காந்தவளுக்குத்தான் தெரியும் சார். காதுல விழுந்ததை மறந்துடலாம். அது கஷ்டமே இல்ல. என்ன விழுந்துச்சுன்னு மேல இருக்கறவர் வந்து நிப்பார் பாருங்க, அப்பதான் கஷ்டம்."

பிறகு ஆப்பரேட்டர் தான் எதற்காக அந்த வேலையை விட்டார் என்பதை முதல் முறையாகச் சொன்னார். சொல்லி முடிக்க அரைத் தெருதான் ஆயிற்று. மானேஜர் ஒருவர் தினமும் வந்து நின்றிருக்கிறார்.

மதியம் ஒன்றரைக்கு ஆஸ்பத்திரியில் நோயாளிகள் இல்லை. டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டார். டிரைவரையும் உள்ளே வரச் சொன்னார் சர்வேயர். உட்கார வேறு இடமில்லாததால் டிரைவர் அந்தச் சாயும் நாற்காலியில், சாயாமல், விளிம்பில் உட்கார்ந்தார். தலைக்கு மேல் பெரிய விளக்கு தொங்கியது.

வெட்டியது உங்கள் கணவர் இல்லை என்று சர்வேயர் ஆரம்பித்தார். அவருக்குக் கண்ணாடி ரப்பரும் வைப்பரும் ஒன்றுதான். வெட்டியவருக்கு அந்தக் கார் மேல் ஆசை. கிழிசல் பெரிதாகக் கூடாது, தகடு துருப்பிடிக்கக் கூடாது, உள்ளே சொட்டு விழக் கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கெடுத்திருக்கிறார்.

டாக்டர் மெதுவாகத் திரும்பினார். "அண்ணே?"

"நான்தாம்மா," என்றார் டிரைவர். "நீங்க கேட்டிருந்தா மொத தடவையே சொல்லியிருப்பேன்."

ஏன் என்று டாக்டர் கேட்டார். கோபத்தைவிட அதில் அதிர்ச்சிதான் அதிகம் இருந்தது. டிரைவர் தன் கைகளைப் பார்த்தார். சர்வேயர்தான் பேசினார்.

"அதுக்கு முன்னால, ரப்பரை நீங்க ஏன் மாத்தினீங்கன்னு சொல்லிடுங்க டாக்டர். மழைக்குன்னு சொல்லாதீங்க. டிக்கியில மீன் வளர்க்கலாம். நீங்க அதைத் தொடவேயில்ல. பின்சீட்டுல முணுமுணுத்தா ஓட்டறவர் காதுல விழுதான்னு மட்டும் பார்த்தீங்க. விழுந்தது. அப்புறம் தனியா இருக்கறப்ப இவர்கிட்ட வந்து, ஐயா போன்ல என்ன பேசினார்னு கேட்டீங்க."

டாக்டர் முகத்துணியைக் கழற்றினார். காலையிலிருந்து முதல் முறையாக அவர் முழு முகம் தெரிந்தது. நாற்பத்தைந்து வயதுக்குரிய களைப்பு அதில் இருந்தது. கணவர் வீட்டில் வாயே திறப்பதில்லை என்றார். சாப்பிட வந்தால் பேப்பர், சாப்பிட்டு முடித்தால் கேஸ் கட்டு. ஆனால் காரில் தனியாகப் போகும்போது மணிக்கணக்காக போனில் பேசுவதாகக் கேள்விப்பட்டார். யாரிடம், எதை என்று தெரிந்தால் போதும் என்று இருந்தது. சத்தம் திரும்பி வந்ததும், மறைக்க ஏதோ இருப்பதால்தான் அவரே வெட்டிவிட்டார் என்று நினைத்துக்கொண்டார். டிரைவர் அண்ணனைத் தப்பான வேலைக்குத் தூண்டியது தனக்கே தெரியும் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

டிரைவர் தொண்டையைச் செருமினார். பத்தொன்பது வருடமாகப் பின்சீட்டைப் பற்றி யார் யாரோ கேட்டிருக்கிறார்கள் என்றார். டாக்டரின் அப்பா இருந்தபோது அவர் கேட்டிருக்கிறார், உறவுக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். காற்றுச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை என்று எல்லோரிடமும் சொல்வார். அது சத்தியம், அதனால் சுலபமாக இருந்தது. ரப்பர் மாற்றிய பிறகு எல்லாம் விழுந்தது. பத்தாம் நாள் டாக்டர் கேட்டபோது பழைய பதிலையே சொன்னார். வாழ்க்கையில் அவரிடம் சொன்ன முதல் பொய். அன்று சோறு இறங்கவில்லை. பதினோராம் நாள் இன்னொரு பொய் சொல்ல வேண்டி வந்தது. பன்னிரண்டாம் நாள் பிளேடை எடுத்துவிட்டார்.

"பதினோராம் நாள் நான் ஒண்ணும் கேக்கலையே," என்றார் டாக்டர்.

டிரைவர் தயங்கினார். "ஐயா கேட்டார்மா."

 ஆப்பரேட்டர் மருந்து அலமாரியின் மேல் சாய்ந்துகொண்டார்.

"என்னைப் பத்தியா?"

"நீங்க கேட்ட மாதிரியேதான். என் முகத்தைப் பார்க்காம, வெளிய வேடிக்கை பார்த்துகிட்டே கேட்டார். அம்மா யார்கிட்ட பேசறாங்க, என்ன பேசறாங்கன்னு. அவருக்கும் அதே பதிலைத்தான் சொன்னேன்."

டாக்டர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகும் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. அவர் போனில் என்னதான் பேசினார் என்று கேட்டேவிட்டார்.

"அதைச் சொல்ல மாட்டேன். வேலையை விட்டுப் போன்னு சொன்னா, சாவியை வெச்சுட்டுப் போயிடறேன்." டிரைவர் எழுந்து நின்றார். அவரால் உட்கார்ந்தபடி அடுத்ததைச் சொல்ல முடியவில்லைபோல. "ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்றேன். அந்தப் பன்னண்டு நாள்ல நீங்க உங்க தங்கச்சிகிட்ட திரும்பத் திரும்ப ஒரு வார்த்தை சொன்னீங்க. ஐயா அவர் சிநேகிதர்கிட்ட அதே வார்த்தையைத்தான் சொன்னார். ஒரு எழுத்து மாறல."

டாக்டர் யோசித்தார். அவர் கண்கள் எஃகுத் தட்டின் மேல் நின்றன, ஆனால் அதைப் பார்க்கவில்லை. தங்கையிடம் பேசியதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்க்கிறார் என்று தெரிந்தது. ஒரு இடத்தில் நின்றுவிட்டார். 

"வீட்டுக்குப் போனா பேச ஆளே இல்லன்னு சொன்னேன்."

டிரைவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். 

டாக்டர் முகம் கழுவிக்கொண்டு வந்தார். நர்ஸைக் கூப்பிட்டு மதியத்துக்கு வர இருந்த இரண்டு நோயாளிகளையும் நாளைக்கு வரச் சொல்லும்படி சொன்னார். பிறகு, தன் சாவி வீட்டில் இருந்ததால், டிரைவரிடம் கை நீட்டிச் சாவியைக் கேட்டார். டிரைவர் முகம் வெளுத்தது. வேலை போயிற்று என்று நினைத்துவிட்டார்.

"உங்களை அனுப்பலைண்ணே. இன்னிக்கு மட்டும் நானே ஓட்டிட்டுப் போறேன். நீங்க இருந்தா நாங்க ரெண்டு பேரும் உங்க வழியாத்தான் பேசுவோம்."

எழுதித் தரச் சொன்ன ரிப்போர்ட் இன்னும் வேண்டுமா என்று சர்வேயர் ஞாபகப்படுத்தினார். டாக்டர் வேண்டாம் என்றார். ரப்பரை என்ன செய்வது என்று ஆப்பரேட்டர் கேட்டதற்கு, அதைக் கணவரும் தானும் சேர்ந்து முடிவு செய்துகொள்வதாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் புதுமையாக இருந்திருக்க வேண்டும், லேசாகச் சிரித்துக்கொண்டார்.

டாக்டர் அந்தக் காரை ஓட்டி ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. பின்முற்றத்திலிருந்து வெளியே எடுக்க நான்கு தடவை முன்னே போய்ப் பின்னே வந்தார். ஒவ்வொரு தடவையும் டிரைவரின் வலது கால் தரையில் பிரேக்கைத் தேடியது. கார் தெருவில் திரும்பி மறைந்த பிறகும் அவர் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்று பேரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். டிரைவர் பஸ்ஸில் போய்ப் பல வருடம் ஆயிற்றாம், எந்த நம்பர் என்பதே அவருக்குத் தெரியவில்லை. ஆப்பரேட்டர் பலகையைப் பார்த்து வழி சொன்னார். வெயில் அடித்தது. பஸ் வருவதாகத் தெரியவில்லை. சர்வேயர், தன் தொழிலில் குற்றவாளியைக் கண்டுபிடித்து, அவர் கூடவே பஸ்ஸுக்குக் காத்திருப்பது இதுதான் முதல் தடவை என்றார். டிரைவர் மன்னிக்கச் சொன்னார். அவர் நிஜமாகவே மன்னிப்புக் கேட்கிறார் என்று தெரிந்ததும் சர்வேயருக்குச் சங்கடமாகப் போயிற்று.

அரை மணி கழித்து, கோர்ட் பக்கத்திலிருந்து சாம்பல் நீலக் கார் வந்தது. ஓட்டிக்கொண்டிருந்தவர் டாக்டர். பக்கத்தில், முன்சீட்டில், வக்கீல். சிவப்பு நாடா கட்டுகள் மட்டும் பின்சீட்டில் தனியாக உட்கார்ந்து வந்தன. நாலு கண்ணாடியையும் முழுசாக இறக்கிவிட்டிருந்தார்கள். பின்னால் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது, டாக்டர் அதைச் சட்டை செய்யவில்லை. ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, காற்றில் வீசி என்னவோ சொன்னார். வக்கீல் அதை மறுத்து என்னவோ சொன்னார். அவர் முடிப்பதற்குள் டாக்டர் மறுபடி ஆரம்பித்தார். சண்டையா சமாதானமா என்று சொல்ல முடியவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கார் நிறுத்தத்தைத் தாண்டியது. டிரைவர் கழுத்தை நீட்டினார். ஓர் அடி எடுத்து வைத்தார், பிறகு இன்னொன்று. நடைபாதையை விட்டு ரோட்டில் இறங்கியே விட்டார்.

"என்ன சொல்றாங்க?" என்று ஆப்பரேட்டரிடம் கேட்டார், கண்ணைக் காரிலிருந்து எடுக்காமல். "உங்களுக்கு ஏதாவது கேட்டுச்சா?"

லாரி வருவதைப் பார்த்த சர்வேயர் அவர் சட்டைக் காலரைப் பிடித்து மேலே இழுத்தார்.